ஏழு நாள் இலவசம்

சங்கரன்கோவில்
12 ஆகஸ்ட் 2025

வித்யாவுக்கு,

'கர்த்தருக்குள் அன்பான' என்று தொடங்குவதுதான் எங்கள் வீட்டுக் கடித வழக்கம். ஹாஸ்டலில் இருந்தபோது அதை வைத்து நீ என்னை எவ்வளவு கேலி செய்திருக்கிறாய். இன்றைக்கு அந்த வரி வரவில்லை. வராததை எழுதவும் எனக்குத் தெரியாது.

உன் எண்ணை பிளாக் செய்திருக்கிறேன். நீ பேசினால் நான் சமாதானமாகிவிடுவேன், அதுதான் காரணம். உன் பேச்சுக்கு நான் எத்தனை தடவை இறங்கியிருக்கிறேன் என்று உனக்கே தெரியும். சொல்ல ஏதாவது இருந்தால் தபாலில் எழுது.

நேற்று ஸ்கூல் விடுகிற நேரத்தில் கேட் பக்கத்தில் ஒருவர் நின்றிருந்தார். ஆடித் தபசுத் திருவிழாக் கூட்டம் வடிந்து இப்போதுதான் ரோட்டில் ஆள் நடக்க முடிகிறது. யாரோ வழி கேட்க நிற்கிறார் என்று நினைத்தேன். இசக்கித்துரை என்றார். மேலநீலிதநல்லூர். பூ மார்க்கெட்டுக்கு லோடு ஆட்டோ ஓட்டுகிறார். அவர் தங்கை சிவசக்திக்கு ஆறு வயதில் அம்மை போட்டுப் பார்வை போனது. இருபத்தொன்பது வயசு ஆகிறது, அரசுத் தேர்வுக்குப் படிக்கிறாள். நீ உருவாக்கிய நம் செவிப்பாடம் ஆப்பில் மூன்று வருஷமாக நான் வாசிப்பதைக் கேட்டுப் படிக்கிறாள்.

பாஸ்புக்கைக் காட்டினார். ஜூன், ஜூலை, ஆகஸ்ட். மூன்று தடவை தொண்ணூற்றொன்பது ரூபாய்.

"தொண்ணூத்தொம்பது ரூபா பெரிசில்ல டீச்சர். யாருக்கு ட்டி பணம் போகுதுன்னு கேட்டா தெரியாதுங்கா. நான் யாருக்கும் அனுப்பலன்னு சத்தியம் பண்ணுதா. அப்ப யாரு எடுக்கா? எங்க பக்கத்து வீட்டுல இப்பிடித்தான் சின்னச்சின்னதா எடுத்துக் கடைசில மொத்தத்தையும் உருவிட்டான். போன வாங்கி பீரோல வச்சுப் பூட்டிட்டேன். ஒங்க ஆப்புலதான் படிக்கான்னு சொன்னா. ஒங்களுக்கு ஏதும் தெரியுமான்னு கேக்கத்தான் வந்தேன்."

எனக்குத் தெரியாது என்றேன். அப்போது எனக்கு நிஜமாகவே தெரியாது வித்யா. வீட்டுக்கு வந்து ஆப்பைத் திறந்து, கண்ணை நன்றாக விரித்துப் பார்த்தேன். 'ஏழு நாள் இலவசம்' என்று கொட்டை எழுத்தில் ஒரு பட்டன். அதன் கீழே எறும்பு மாதிரி ஒரு வரி: பிறகு மாதம் தொண்ணூற்றொன்பது, தானாகவே எடுத்துக்கொள்ளப்படும். பக்கம் திறந்த உடனே என் குரல் வருகிறது. "வாங்க மக்கா. கீழ இருக்க பட்டன அமுத்துங்க, எல்லாப் பாடமும் திறக்கும்." அந்த வரியை போனில் திரையைப் படித்துச் சொல்லும் வாசிப்புக் குரல் வாசிக்கத்தான் செய்கிறது. ஆனால் என் குரலுக்கு அடியில் அது ஒரு முனகலாகத்தான் கேட்கிறது.

ஏப்ரலில் 'சும்மா ஒரு வரவேற்பு பேசி அனுப்புட்டி' என்றாயே, அது இதற்குத்தானா?

ஸ்கூல் விட்டு வந்து, வேர்த்து வடிய ஃபேனை நிறுத்திவிட்டு, கதவைச் சாத்திக்கொண்டு ஆறாம் வகுப்பிலிருந்து புத்தகம் புத்தகமாக வாசித்து அனுப்பினேன். அதற்கு நீ ஒரு காசு தரவில்லை, நானும் கேட்கவில்லை. இப்போது என் குரலை வைத்து, கண் தெரியாதவர்களிடமிருந்து விலையை மறைத்திருக்கிறாய். தெரிந்து செய்தாயா, தெரியாமல் செய்தாயா? அதை மட்டும் எழுது.

ஜாய்லின்


சென்னை, வேளச்சேரி
17 ஆகஸ்ட் 2025

அன்புள்ள ஜாய்,

உன் கடிதத்தை வாசித்துவிட்டு நேற்று முழுக்க எதுவும் ஓடவில்லை. முதலில் செய்ய வேண்டியதைச் செய்துவிட்டேன். சந்தாவில் சேர்ந்திருந்த ஐம்பத்தெட்டுப் பேருக்கும் சந்தாவை நிறுத்திவிட்டேன். எடுத்த தொகை முழுவதையும் திருப்பி அனுப்பிவிட்டேன். நாலைந்து நாளில் அவரவர் கணக்குக்குப் போய்விடும். சிவசக்தியின் அண்ணனிடம் சொல்லிவிடு.

நடந்தது இதுதான். பாடங்கள் கூடக்கூட அவற்றை வைத்திருக்கிற சர்வர் இடத்துக்கும், ஆள்கள் கேட்கக் கேட்க அதற்கும் மாதாமாதம் கட்ட வேண்டியிருக்கிறது. மூன்று வருஷமாக என் சம்பளத்திலிருந்துதான் கட்டுகிறேன். 'எத்தனை நாளைக்கு உன் கையிலிருந்து போடுவே' என்று நீயே கேட்டாய். அதனால்தான் மே மாதம் சந்தாவை வைத்தேன். ஊரில் உள்ள எல்லா ஆப்பும் செய்வதுதான்: முதல் வாரம் இலவசம், பிறகு மாதக் கட்டணம். விலையை எழுதித்தான் வைத்திருந்தேன். உன் குரலும் போன் குரலும் ஒரே நேரத்தில் பேசும் என்பதை நான் யோசிக்கவில்லை. எனக்குக் கண் தெரிவதால் வந்த புத்திக்குறைவு என்று வைத்துக்கொள். தெரியாமல் நடந்துவிட்டது ஜாய்.

பட்டனை அமுத்தியதும் பணம் கட்டும் பக்கம் திறக்கும். அது முதலில் 'இன்றைக்குச் செலுத்த வேண்டியது பூஜ்யம்' என்றுதான் வாசிக்கும். அதைக் கேட்டவர்கள் இலவசம் என்று நினைத்து ரகசிய எண்ணைப் போட்டிருப்பார்கள். மாதாமாதம் எடுப்பதற்கு முன்னால் வங்கி குறுஞ்செய்தி அனுப்புகிறது, ஆனால் அது ஆங்கிலத்தில் வரும். இதெல்லாம் நான் ஏற்படுத்தியதல்ல.

ஒன்று மட்டும் கேட்கிறேன், கோபப்படாதே. ஜூலையில் உனக்கு மூவாயிரம் அனுப்பினேன். மூன்று வருஷத்தில் முதல் முறை. எங்கிருந்து வந்தது என்று நீயும் கேட்கவில்லை. எல்லாவற்றையும் என் தலையில் கட்டுவது நியாயமா என்று தோன்றியது, அதனால் எழுதினேன்.

பிளாக்கை எடு. தபால்காரர் வருகிற வரை காத்திருக்க எனக்குப் பொறுமை இல்லை.

வித்யா


சங்கரன்கோவில்
24 ஆகஸ்ட் 2025

வித்யாவுக்கு,

கேட்டுவிட்டாய். சரி, சொல்லுகிறேன்.

அந்த மூவாயிரத்தில் ஆலய அசனத்துக்கு ஒரு மூட்டை அரிசி வாங்கிக் கொடுத்தேன். ஊர் முழுக்க உட்கார்ந்து சாப்பிட்டது. 'ஜாய்லின் டீச்சர், ஒரு மூட்டை அரிசி' என்று மைக்கில் வாசித்தார்கள். அம்மா என் பக்கம் திரும்பிச் சிரித்தாள். மிச்சத்தில் எனக்கு ஒரு புடவை. உனக்குச் சம்பளம் கூடியிருக்கும், மனசு வந்து அனுப்பியிருக்கிறாய் என்று நினைத்துக்கொண்டேன். அப்படி நினைப்பது எனக்கு வசதியாக இருந்தது. இப்போது அசனப் பந்தியில் யார் இலையில் யார் காசு விழுந்தது என்று யோசித்தால் வெட்கமாக இருக்கிறது. அந்தப் புடவையை ஒரு தடவைதான் கட்டினேன், இனிமேல் கட்ட முடியாது.

இனி நீ திருப்பி அனுப்பிய பணம் என்ன செய்தது என்று கேள். எடுத்தது சத்தம் இல்லாமல் எடுத்தாய், கொடுத்ததும் சத்தம் இல்லாமல் கொடுத்தாய். எடுத்தது யார், திருப்பிப் போட்டது யார் என்று ஐம்பத்தெட்டுப் பேரில் ஒருவருக்கும் தெரியாது. நேற்று நான் மேலநீலிதநல்லூருக்குப் போனேன். பஸ்ஸில் போகும்போது என்ன சொல்ல வேண்டும் என்று மனப்பாடம் செய்துகொண்டே போனேன். இசக்கித்துரை என்னை உட்கார வைத்து கலர் சோடா வாங்கிக் கொடுத்துவிட்டுக் கேட்டார்.

"பணம் திரும்பி வந்துட்டு டீச்சர். எடுத்த களவாணி எவனாவது திருப்பிப் போடுவானா? நான் போன வாங்கி வச்சது தெரிஞ்சுதான் போட்டிருக்கான். அப்ப இவளுக்கும் அவனுக்கும் பேச்சு இருக்கு, அவன் யாருன்னு சொல்ல மாட்டங்கா."

முன்னால் திருடன் பயம்தான் இருந்தது. இப்போது தங்கை மேலேயே சந்தேகம் வந்துவிட்டது. இது உன் பணம் செய்த வேலை.

சிவசக்தி உள் அறையில் இருந்தாள். என் குரல் கேட்டதும் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு வந்து நின்றாள். "டீச்சர், நீங்களாவது சொல்லுங்க, அது பாடம் கேக்குத ஆப்பு மட்டுந்தான்னு" என்றாள். நான் ஆமாம் என்றேன். மனப்பாடம் செய்ததைச் சொல்லவில்லை. கலரைக் குடித்துவிட்டு வந்துவிட்டேன்.

அக்டோபர் கடைசி ஞாயிறு அவளுக்குத் தேர்வு. போன் பீரோவில் இருக்கிறது. எட்டாம் வகுப்பு வரலாறு பாதியில் நிற்கிறது, அதற்குப் பிறகு நான் வாசிக்கவும் இல்லை. மைக்கை எடுத்தால் 'வாங்க மக்கா' என்பதுதான் முதலில் வாயில் வருகிறது.

நீ வரவேண்டும். அந்த வீட்டு வாசலில் நின்று 'நான்தான் எடுத்தேன்' என்று சொல்லவேண்டும். நான் சொன்னால் உன்னைக் காப்பாற்றுகிற மாதிரி ஆகும், இல்லையென்றால் உன்னைக் காட்டிக்கொடுக்கிற மாதிரி ஆகும். இரண்டும் எனக்கு வேண்டாம்.

ஜாய்லின்


சென்னை
31 ஆகஸ்ட் 2025

ஜாய்,

இந்த வாரம் லீவு கிடைக்காது என்று நாலு வரி எழுதிக் கிழித்தேன். போனில் பேசினால் போதாதா என்று கேட்டு இரண்டு வரி எழுதி, அதையும் கிழித்தேன். இனி கிழிக்காமல் எழுதுகிறேன்.

போன கடிதத்தில் தெரியாமல் நடந்தது என்று எழுதினேன். அது பொய்.

சந்தா வைப்பதற்கு முன்னால் சோதித்துப் பார்க்க வேண்டும். அதற்கென்று ஒரு சோதனைக் கணக்கு உண்டு, அதில் யார் காசும் போகாது. சோதனையில் ஒரு மாதம் என்பது ஐந்து நிமிஷம். அரை மணி நேரம் உட்கார்ந்திருந்தால் ஆறு மாதச் சந்தா ஓடி முடிந்துவிடும். மே மாதம் ஒரு சனிக்கிழமை, சரியாகச் செய்ய வேண்டும் என்ற எண்ணத்தில்தான், போனின் வாசிப்புக் குரலைப் போட்டுக்கொண்டு, என் துப்பட்டாவால் கண்ணைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தேன். நம் ஆள்கள் எப்படிக் கேட்பார்களோ அப்படியே கேட்க வேண்டும் என்றுதான்.

பக்கம் திறந்தது. நீ பேசினாய். பட்டனைத் தடவிக் கண்டுபிடித்து அமுத்தினேன். பூஜ்யம் என்றது. அவ்வளவுதான். அரை மணி நேரம் அப்படியே இருந்தேன். ஆறு மாதம் பணம் போயிருக்கிறது, என் காதில் ஒன்றும் விழவில்லை. கண் கட்டை அவிழ்த்துப் பார்த்தபோது ஆறு வரி வரிசையாக நின்றது.

அப்போதே தெரிந்துவிட்டது ஜாய். உன் பேச்சை முடித்த பிறகு விலையை வாசிக்கும்படி மாற்ற வேண்டியதுதான், பத்து நிமிஷ வேலை. முதல் வாரம் போகட்டும், எத்தனை பேர் சேருகிறார்கள் என்று பார்த்துவிட்டு மாற்றலாம் என்று விட்டேன். முதல் வாரம் முப்பத்தொரு பேர். நான் வேலை செய்கிற கம்பெனியில் பெரிய பெரிய ஆள்கள் மூளையைக் கசக்கியும் நூற்றில் மூன்று பேரைச் சேர்க்க முடியாமல் கிடக்கிறார்கள். நமக்குத் திறந்தவர்களில் பாதிப்பேர் சேர்ந்தார்கள். சேருகிறவர்களின் எண்ணிக்கையைக் காட்டும் கோடு மேலே ஏறுவதை டீ குடிக்கும்போதெல்லாம் திறந்து திறந்து பார்த்தேன். மாற்றினால் கோடு இறங்கிவிடும் என்று தெரியும். அதனால் மாற்றவில்லை.

எனக்கு அந்தப் பணம் தேவைப்படவில்லை. இதைத்தான் யாரிடமும் சொல்ல முடியவில்லை. வீட்டில் கஷ்டம், கடன் என்று ஏதாவது இருந்தால்கூட ஒரு காரணம் இருந்திருக்கும். நாம் செய்த ஒன்றுக்கு ஜனங்கள் காசு கொடுக்கிறார்கள் என்ற பெருமை, அவ்வளவுதான். அவர்கள் கொடுக்கவில்லை, உன்னை நம்பி அமுத்தினார்கள் என்பது எனக்குத் தெரிந்தே இருந்தது.

உனக்கு அனுப்பிய மூவாயிரமும் பாசத்தில் அனுப்பியதல்ல. நீயும் வாங்கிக்கொண்டால் எனக்கு மனசு கொஞ்சம் லேசாகும் என்று அனுப்பினேன்.

வருகிறேன். தேதி பார்த்துச் சொல்கிறேன். அதற்குள் எல்லோருக்கும் ஒரு அறிவிப்பு போட வேண்டும். நீ பேசி அனுப்புவாயா? உன் குரல் என்றால் கேட்பார்கள்.

வித்யா


சங்கரன்கோவில்
6 செப்டம்பர் 2025

வித்யாவுக்கு,

உன் கடிதத்தைப் பஸ் ஸ்டாண்டில் வைத்துப் படித்தேன். வீட்டுக்குக் கொண்டுபோக மனசில்லை. துப்பட்டா கட்டிக்கொண்டு உட்கார்ந்தாய் என்ற இடம் வந்ததும் உன்னை அறைய வேண்டும் போல இருந்தது. அடுத்த பஸ்ஸுக்கு நின்றிருந்த ஒரு அம்மா, 'என்னம்மா, வீட்டுல ஏதும் கெட்ட செய்தியா?' என்று கேட்டது.

அறிவிப்புக்கு நான் பேசமாட்டேன். என் குரலில் நீ சொன்னது போதும். ஐம்பத்தெட்டுப் பேருக்கும் நீயே போன் போடு, உன் வாயால் சொல். திட்டினால் கேட்டுக்கொள். சந்தா வைத்ததற்கு நான் உன்னைக் குறை சொல்லவில்லை. காசில்லாமல் எதுவும் ஓடாது என்று எனக்கும் தெரியும். சொல்லிவிட்டு வாங்கியிருந்தால் கொடுத்திருப்பார்கள்.

இதோடு கையெழுத்துப் போட்டுவிடலாம் என்று பேனாவை மூடினேன். மூட முடியவில்லை. நீ ஒன்றை ஒத்துக்கொண்டாய், நானும் ஒன்றை ஒத்துக்கொள்ள வேண்டும்.

மே மாதக் கடைசியில் சிவசக்தி, ஆப்பில் போட்டிருக்கிற என் எண்ணுக்குப் போன் செய்தாள். அடுப்பில் குழம்பு கொதிக்கிறது, ஒரு பக்கம் அம்மா மாத்திரையைக் கேட்கிறாள். "டீச்சர், ஆப்புல ரகசிய எண் கேக்கு. பணம் ஏதும் எடுப்பாங்களோ?" என்றாள். நான் அந்தப் பக்கத்தைப் பார்த்ததுகூட இல்லை. "எடுக்க மாட்டாங்க, தைரியமாப் போடு ட்டி" என்றேன். போனை வைத்துவிட்டுக் குழம்பைக் கிளறினேன். பிறகு அது எனக்கு ஞாபகமே இல்லை. இசக்கித்துரை பாஸ்புக்கைக் காட்டியபோதுதான் ஞாபகம் வந்தது. கேட் முன்னால் நின்று எனக்குத் தெரியாது என்று சொன்னபோது இது என் நெஞ்சுக்குள் இருந்தது.

அவள் இதுவரை அண்ணனிடம் அதைச் சொல்லவில்லை. 'டீச்சர்தான் போடச் சொன்னாங்க' என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போன் அவள் கையில் இருந்திருக்கும். என்னை அவள் காப்பாற்றிக்கொண்டிருக்கிறாள். உன்னைக் கேள்வி கேட்டு இரண்டு கடிதம் எழுதினேனே, அவ்வளவு கோபமும் எதற்கு என்று இப்போது உனக்குப் புரியும்.

நீ அங்கே போகும்போது இதை நீ சொல்லாதே. இது நான் சொல்ல வேண்டியது.

ஜாய்லின்


சங்கரன்கோவில் பஸ் ஸ்டாண்ட்
20 செப்டம்பர் 2025

ஜாய்,

ஊருக்குள்தான் இருக்கிறேன். உன் வீடு இங்கிருந்து பத்து நிமிஷ நடை. நீ கூப்பிடாமல் வர எனக்குத் தைரியம் இல்லை, அதனால் இங்கேயே உட்கார்ந்து எழுதித் தபாலில் போட்டுவிட்டுச் சென்னைக்கு ஏறுகிறேன்.

ஐம்பத்தெட்டுப் பேரையும் கூப்பிட்டுவிட்டேன். பன்னிரண்டு நாள் ஆயிற்று. நாலு பேர் திட்டினார்கள், அது சுலபமாக இருந்தது. இளையரசனேந்தலில் ஜெயசிங் என்று ஒருவர், அவருக்குப் பணம் போவது ஜூனிலேயே தெரியுமாம். "டீச்சருக்குத்தானம்மா போகுதுன்னு விட்டுட்டேன்" என்றார். இல்லை, எனக்கு வந்தது என்று அவரிடம் சொன்னேன்.

இன்று காலை மேலநீலிதநல்லூர். இசக்கித்துரை லோடு இறக்கிவிட்டு அப்போதுதான் வந்திருந்தார், சட்டையெல்லாம் பிச்சிப்பூ வாசம். வாசலிலேயே நின்று எல்லாவற்றையும் சொன்னேன். ஆப் செய்தது நான், பணம் எடுத்தது நான், திருப்பிப் போட்டதும் நான், உங்கள் தங்கைக்கு என்னைத் தெரியவே தெரியாது. கண்ணைக் கட்டிக்கொண்டு பார்த்ததையும் சொன்னேன். சொல்லாமல் வந்திருக்கலாம், ஆனால் பாதியை மட்டும் சொல்லித்தான் இவ்வளவும் நடந்தது.

அவர் திண்ணையில் உட்கார்ந்தார். பிறகு, "எம்புட்டு நேரம் கண்ணக் கட்டியிருந்தீங்க?" என்றார்.

"அரை மணி நேரம்."

"பெறவு அவுத்துட்டீங்க."

"ஆமா அண்ணாச்சி."

உள்ளே போனார். பீரோ திறக்கிற சத்தம் கேட்டது. தங்கை கையில் போனை வைத்துவிட்டு, அவள் முகத்தைப் பார்க்காமல், "ஒன்னத் தப்பா நெனச்சுட்டேன் தாயி" என்று சொல்லிவிட்டு வெளியே போய் வண்டியைத் துடைக்க ஆரம்பித்தார். துடைத்த இடத்தையே துடைத்துக்கொண்டிருந்தார். அந்தச் சந்தேகம் நான் ஒரு வீட்டுக்குள் போட்ட கல். எடுத்துவிட்டேன் என்று சொல்லிக்கொள்ள எனக்கு உரிமை இல்லை.

சிவசக்தி என்னைப் பக்கத்தில் உட்காரச் சொன்னாள். "மூணு வருசமா டீச்சர் குரல் மட்டுந்தான் கேக்கேன். இதுக்குப் பின்னால இன்னொரு ஆளு இருக்குன்னே தெரியாது" என்றாள். அடுத்துக் கேட்டது: "சந்தாவ நிறுத்துத பட்டன் எங்கன இருக்கு? அதச் சொல்லுங்க முதல்ல." அவள் விரலைப் பிடித்துக் காட்டப் போனேன். கையை இழுத்துக்கொண்டாள். "நீங்க வாயால சொல்லுங்க, நானே தேடுதேன்." மூன்று தடவை தேடிக் கண்டுபிடித்தாள்.

கிளம்பும்போது, "எட்டாம் வகுப்பு வரலாறு பாதில நிக்கு. டீச்சருக்கு உடம்புக்கு ஒண்ணுமில்லல்லா?" என்று கேட்டாள். ஒன்றுமில்லை என்றேன். நீ சொல்ல வேண்டியதை நான் சொல்லவில்லை.

தேர்வு முடியும் வரை கட்டணப் பக்கத்தையே எடுத்துவிட்டேன். பிறகு வைப்பதா வேண்டாமா என்பதை நீ சொல்வதுபோலச் செய்கிறேன்.

வித்யா


சங்கரன்கோவில்
2 நவம்பர் 2025

கர்த்தருக்குள் அன்பான வித்யா,

எழுத ஆறு வாரம் ஆகிவிட்டது. உன் எண்ணை இன்று காலை ஆராதனை முடிந்து வந்ததும் திறந்துவிட்டேன். இந்தக் கடிதம் கிடைப்பதற்கு முன்னால் கூப்பிடாதே. இதை வாய்விட்டுச் சொல்ல எனக்கு வராது.

வரலாற்றை வாசித்து முடித்தேன். அதற்கு முன்னால் சிவசக்தியிடம் போனேன். அண்ணன் இருக்கும்போதே சொன்னேன்: ரகசிய எண்ணைப் போடச் சொன்னது நான், பார்க்காமலே சொன்னேன். இசக்கித்துரை தலையைக் குனிந்துகொண்டார். அவள் மட்டும், "எனக்கு ஞாபகம் இருக்கு டீச்சர்" என்றாள். பரவாயில்லை என்று அவள் சொல்லவில்லை. சொல்வாள் என்று எதிர்பார்த்துத்தான் போயிருக்கிறேன் என்பது எனக்கு அப்போதுதான் தெரிந்தது.

போன ஞாயிறு தேர்வு எழுதிவிட்டாள். நன்றாக எழுதியிருப்பதாகச் சொல்கிறாள்.

கட்டணப் பக்கத்தை வை. அதற்கு நான் புதிதாக ஒன்று பேசிவைத்திருக்கிறேன். "இதுக்கு மாசம் தொண்ணூத்தொம்பது ரூபா. ஏழு நாள் கழிச்சு ஒங்க கணக்குலருந்து தானா எடுப்பாங்க. வேண்டாம்னா இப்பவே வெளிய போயிருங்க மக்கா." இதை முதலில் போடு. நான் பேசி முடித்து, போன் குரலும் வாசித்து முடித்த பிறகுதான் பட்டன் வர வேண்டும்.

அதை உனக்கு அனுப்புமுன், பக்கத்தில் எழுத வேண்டிய வரியையும் சேர்த்துச் சிவசக்தியின் போனுக்கு அனுப்பி, அவளிடம் போட்டுக் காட்டினேன். முழுவதும் கேட்டாள். "நல்லாத் தெளிவா இருக்கு டீச்சர்" என்றாள். எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அப்புறம், அடுத்த வாரம் எந்தப் பாடம் என்று சொல்ல வாயெடுத்தேன். அவள் கையை உயர்த்தி என்னை நிறுத்தினாள்.

"இருங்க டீச்சர். பக்கத்துக்குன்னு என்ன எழுதியிருக்குன்னு போனும் சொல்லட்டும். ரெண்டையும் கேட்டுக்கிடுதேன்."

போன் வாசித்து முடித்தது. விலை சரியாக இருந்தது. தலையை ஆட்டிக்கொண்டாள். அவள் செய்வது சரிதான் வித்யா, நான்கூட அப்படித்தான் செய்யச் சொல்லிக்கொடுப்பேன். ஆனால் மூன்று வருஷமாக அவள் என் குரலை மட்டும்தான் கேட்டுக்கொண்டிருந்தாள்.

ஜாய்லின்